மூடியின் உள்ளே பதினேழு

இந்தக் கடிகாரத்தைச் செய்தது யார்? பதினோரு வயதில் நீ என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். இப்போது இரண்டு மாதமாக அதையே தேடிவிட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்கள் என்று நான் நினைத்த எல்லோரையும் கேட்டுவிட்டு, மறுபடியும் அதே பதிலைத்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரியாது. ஆனால் தேடப் போன இடத்தில் வேறொன்று தெரிந்துவிட்டது. அது உன்னைப் பற்றியது. அதைவிட அதிகமாக என்னைப் பற்றியது. நாளைக் காலை ரயிலில் நீ வந்துவிடுவாய். சாயங்காலம் கல்யாணத்துக்கு முந்தைய வீட்டு ஜெபம். அங்கே எழுந்து நின்று நான் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நின்றால் பேச்சு வருமா என்று எனக்கே சந்தேகமாக இருப்பதால் முதலில் எழுதி வைக்கிறேன். நீ சம்மதித்தால் இதன் ஒரு பிரதியைச் சபையின் மாத இதழுக்கும் கொடுப்பேன். உன்னைப் பலர் முன்னால் நிறுத்தினேன். அதற்கான பதிலை ஓர் உறைக்குள் போட்டு உன் கையில் மட்டும் கொடுப்பது நியாயமாக இருக்காது.

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளிக் கடிகாரம் அது, சங்கிலி கோத்துப் பைக்குள் வைத்துக்கொள்வது. தாத்தாவின் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நாடியை எண்ண அவருக்கு விநாடி முள் வைத்த கடிகாரம் தேவைப்பட்டிருக்கிறது. அவருடைய கல்யாணத்துக்கு டாக்டர் துரை லண்டனில் சொல்லிச் செய்து வரவழைத்துக் கொடுத்தார் என்பது இந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேசாத கதை. அதிலிருந்து இந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையாகிற ஒவ்வொருவரும் அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் ஆலயத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். உன் அப்பாவும் அப்படித்தான். உடன்படிக்கை சொல்லும்போது பக்கத்தில் நின்ற எனக்கு அது ஓடும் சத்தம் கேட்டது. போதகர் சொன்னதைவிடத் தெளிவாகக் கேட்டது. நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்த மூன்றாவது மாதம் அது. லண்டன் கதையை அன்றைக்கே நான் நம்பவில்லை. முகப்பில் பாதி அழிந்த ஒரு பெயருக்குக் கீழே மெட்ராஸ் என்று ஆங்கிலத்தில் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் படிக்கவில்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். சந்தேகப்படுவது எனக்குச் சுலபமாக வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மேலே படிக்கும்போது நீ அதை நினைவில் வைத்துக்கொள்.

உனக்குப் பதினோரு வயது. அன்று ஆடிக் கிருத்திகை, பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் தெரு முழுக்கக் காவடியும் பம்பைச் சத்தமும். நான் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தது அந்தச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. தாத்தாவின் பீரோ திறந்திருந்தது. நீ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். கடிகாரத்தின் பின்பக்க மூடி திறந்திருந்தது. பக்கத்தில் உன் ரஃப் நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், கையில் காம்பஸ். என்னைப் பார்த்ததும் நீ பயப்படவில்லை. இதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன். சந்தோஷமாக, "அம்மா, இங்க பாரேன், உள்ள என்னமோ எழுதிருக்குது. செஞ்சவங்க பேரா இருக்கும்" என்றாய். மூடியின் விளிம்பில் நகம் மட்டும் நுழைகிற ஒரு சின்ன உதடு இருப்பதை நீயாகவே கண்டுபிடித்து, அதைப் பிடித்துத் திறந்திருந்தாய். எனக்கு அந்த இடம் இன்றுவரை கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு தடவையும் சுற்றிச் சுற்றித் தடவித்தான் தேட வேண்டியிருக்கிறது.

மூடியின் உட்புறத்தில் மயிரிழை போலச் சில கீறல்கள். சுருள் சுருளாக ஏதோ ஒன்று, பிறகு ஒரு பதினேழு, ஒரு கோடு, இன்னும் சில எண்கள். ஆறாம் வகுப்பில் உன் ரோல் நம்பர் பதினேழு. எனக்கு அது போதுமானதாக இருந்தது. காம்பஸின் ஒரு காலில் பென்சில் மாட்டியிருந்தது, மறுகாலில் முள். நான் முள்ளை மட்டும் பார்த்தேன். அந்தக் கீறல்களை நீ பென்சிலால் நோட்டில் பார்த்து வரைந்துகொண்டிருந்தாய் என்பது நோட்டைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் புரட்டவில்லை. மத்தியானம் தாத்தா கூட்டத்துக்குள் நடந்தே வந்து சேர்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத்தினி வருசமா இத நம்ம வூட்ல யாரும் தொறந்ததே இல்ல" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் உன் பக்கம் நின்றிருப்பேனோ என்னவோ.

அன்று புதன்கிழமை, நம் வீட்டில் ஜெபக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் உன்னை எழுப்பி நடுவில் நிறுத்தினேன். அப்படிச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை, தாத்தாவும் சொல்லவில்லை. என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று நிரூபிக்க வேண்டிய நான், நீ பொய் சொன்னதாக நிரூபித்துக்கொண்டிருந்தேன். எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள் என்றேன். "நான் எழுதலம்மா. முன்னாடியே இருந்துது" என்றாய். மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன். மூன்று தடவையும் அதே வார்த்தைகள், அதே வரிசை. ஊசலை மூன்று தடவை ஆட்டி மூன்று தடவையும் ஒரே விடை வந்தால் அதைத் தைரியமாக எழுது என்று ஆய்வகத்தில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். உன்னை நான்காவது தடவையும் கேட்டேன். சாராள் அக்கா, "வுடு டீச்சர், புள்ளதானே" என்றார்கள். நான் விடவில்லை. நீ தாத்தாவைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். பிறகு, "நான்தான் எழுதினேன்" என்றாய். எதற்காக எழுதினாய் என்று கேட்டேன். எழுதாதவனிடம் காரணம் எப்படி இருக்கும்?

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. அடுத்த பத்து வருடம் அந்தச் சம்பவத்தை ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறேன், பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் கடைசியில் உண்மைக்கு வந்துவிடுவார்கள் என்பது அந்தக் கதையின் நீதி. ஒரு தடவை நீ பக்கத்து அறையில் இருந்தபோதே சொன்னேன். நீ எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாய். மறுபுறம், ரெக்கார்டு நோட்டில் எடுக்காத அளவை எடுத்ததாக எழுதும் பிள்ளைகளை வருடம் தவறாமல் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். வரவேண்டிய விடை இது என்று முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கு ஏற்றபடி எண்களை எழுதுவதைப் போன்ற அசிங்கம் வேறு இல்லை என்பேன். அந்த அசிங்கத்தை உன்னைக் கொண்டு செய்ய வைத்தவள் நான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

தாத்தா அந்த வாரமே பீரோவுக்குப் பூட்டு மாற்றினார். இது இவன் கைக்குப் போக வேண்டாம் என்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். நீ ரேடியோவைப் பிரித்துப் பூட்டுவதை நிறுத்தினாய், சைக்கிள் செயின் கழன்றால்கூடக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாய். பதினொன்றில் காமர்ஸ் எடுத்தபோது ஏன் என்று கேட்டேன். "மெஷின்லாம் எனக்கு வராதும்மா" என்றாய். வராது போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். இப்போது நீ செய்கிற வேலையில் உனக்குக் குறையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஒரு நாளால்தான் உன் வழி மாறியது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அப்படி இல்லை என்று நிரூபிக்கவும் எதுவும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பு தாத்தா போனார். கடைசி மாதங்களில் அவருக்குச் சவரம் செய்துவிட்டது நீ, தூக்கி உட்கார வைத்தது நீ. அப்போதும் பீரோச் சாவி அவர் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. இதை மட்டும் யாராலும் இனிச் சரிசெய்ய முடியாது.

உன் கல்யாணம் நிச்சயமானதும், கடிகாரம் ஓடவில்லை, சரி பண்ணி வை என்றார் அப்பா. போனில் உன்னிடம் சொன்னேன். "வேணாம்மா. அது இல்லாமயும் கல்யாணம் நடக்கும்" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. சரி, ஓட வைப்பதோடு இதைச் செய்தது யார் என்றும் கண்டுபிடித்துவிடுவோம், அவனுடைய பழைய கேள்விக்கு விடையோடு கொடுத்தால் வாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. உன்னை மன்னிக்கும் எண்ணம்தான் இருந்தது. அப்படித்தான் ஒரு சனிக்கிழமை லோக்கல் வண்டியில் அரக்கோணம் போனேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே செல்போனுக்குக் கண்ணாடி மாற்றுகிற கடை, அதிலேயே வாட்ச் ரிப்பேரும் உண்டு. நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தை வாங்கி விளிம்பில் விரலை ஓட்டினாள், மூடி திறந்தது. லென்ஸைக் கண்ணில் மாட்டிக் குனிந்தவள் சிரித்துவிட்டாள். அதற்குள் நான், பள்ளிக்கூட டீச்சர் என்று சொல்லிக்கொண்டு, என் பையன் சின்ன வயதில் கிறுக்கிவிட்டான், அழிக்க முடியுமா என்று கேட்டுவிட்டிருந்தேன்.

"இன்னாங்க டீச்சர், இது போயி பையன் வேலைன்றீங்க? இது எங்க நைனா கை."

அவளுடைய அப்பா அதே கடையில் உட்கார்ந்து, ரயில்வேக்காரர்களின் கடிகாரங்களை வருடக்கணக்கில் பழுது பார்த்தவர். புத்தூர்ப் பக்கத்துக்காரர், தெலுங்கில்தான் எழுதுவார். பிறகு அவள் அந்தத் தொழிலின் வழக்கத்தைச் சொன்னாள். ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் பழுது பார்த்தவர் மூடியின் உட்புறம் தன் அடையாளத்தையும் தேதியையும் ஊசியால் கீறிவிட்டுத்தான் மூடுவார். மறுபடி அது திரும்பி வந்தால், கடைசியாக யார் கை பட்டது, எப்போது பட்டது என்று தெரிய வேண்டும். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானாம். அந்தச் சுருள் அவள் அப்பாவின் பெயருக்கு முதல் எழுத்து. பதினேழு, அந்த மாதத்தில் அவர் கைக்கு வந்த பதினேழாவது கடிகாரம். கோட்டுக்குப் பிறகு இருந்தது மாதமும் வருடமும். நான் கணக்குப் போட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய மாதம். நீ பிறக்கவே இல்லை.

யோசித்துப் பார். அந்தப் பழைய கடிகாரம் என் கல்யாணத்தில் ஓடியது. நான் காதால் கேட்டேன். ஓடியதென்றால் அதற்கு முன் யாரோ திறந்து எண்ணெய் போட்டிருக்க வேண்டும். தாத்தாதான் கொடுத்து வாங்கியிருப்பார். கடையில் கொடுத்ததை அவர் திறந்ததாகவே நினைத்திருக்க மாட்டார், வீட்டில் யாரும் தொடவில்லை என்பதுதான் அவர் கணக்கு. அவர் பொய் சொல்லவில்லை. நீ பொய் சொல்லவில்லை. ஆதாரத்தைத் தன் காதிலேயே வைத்திருந்த ஒருத்திதான் அதைத் தேடவில்லை. அந்தப் பெண் லென்ஸை என்னிடம் கொடுத்துக் காட்டினாள். "புதுக் கீறல்னா வெள்ளையா மின்னும்ங்க. இது பாருங்க, கருத்துப் போயிருக்குது. எப்ப பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்குமே. நீங்க இன்னா டீச்சர்னு சொன்னீங்க?" பிசிக்ஸ் என்றேன். "ஆங்" என்றாள், அதோடு விட்டுவிட்டாள். என் ஆய்வகத்தில் பன்னிரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜூன் மாதமும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

வந்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். முகப்புத் தட்டைக் கழற்றிப் பார்த்தாள். மேலே இருந்த பாதிப் பெயர் மெட்ராஸில் விற்ற கடைக்காரருடையது. செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. பித்தளைத் தகட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு பறவை முத்திரை, அதன் கீழே ஓர் எண். படம் எடுத்துப் பழைய கடிகாரங்களைச் சேகரிக்கிறவர்களின் இணையக் குழுவில் போட்டேன். சுவிட்சர்லாந்தில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில், உலகம் முழுக்க இருந்த கடைகளுக்காகப் பெயர் போடாமல் செய்துகொடுத்த சின்னப் பட்டறை ஒன்றின் முத்திரை என்று ஒருவர் சொன்னார். அந்தப் பறவைக்குக் கழுத்து இப்படி வளையாது என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் தவறு என்று மூன்றாமவர். இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். லண்டன் கதை பொய் என்பது மட்டும் உறுதி. அந்தச் சின்ன விஷயத்தில் நான் சரியாக இருந்தேன். அந்தப் பெண் சொன்னதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. "செஞ்சவன் பேரு போடாமப் போயிட்டான். ரிப்பேர் பண்ணவன்தான் போட்டுகினு இருக்கான்."

கல்யாணத்துக்கு முன் பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக இப்போது தோன்றவில்லை. செய்து பார்த்துத் தோற்றதை மட்டும் சொல்கிறேன். உன் மனைவி ஒன்றைச் சொன்னால், அதுவே அவள் பதில். நீ எதிர்பார்த்த பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தால் அது வந்துவிடும், அதுதான் ஆபத்து. களைத்துப்போன மனிதர்கள் எதையும் ஒப்புக்கொள்வார்கள். வந்த பதிலை உண்மை என்று எடுத்துக்கொண்டு பதினான்கு வருடம் நிம்மதியாகத் தூங்க முடியும். நான் தூங்கினேன். இன்னொன்று, நாலு பேர் முன்னால் அவளைக் குற்றம் சொல்லாதே. சரியாக இருந்தாலும் சொல்லாதே. தவறாக இருந்தால் அந்த நாலு பேரையும் மறுபடி ஓரிடத்தில் கூட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த வாரம்தான் பார்த்தேன். அன்று இருந்தவர்களில் நான்கு பேர் உயிரோடு இல்லை. இருவர் சென்னைக்குப் போய்விட்டார்கள். மிச்சமுள்ள ஆறு பேரையும் நேரில் போய் நாளைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். நீ கடிகாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. ஓடும் நிலையில் மேசை மேல் இருக்கும். அந்தப் பெண்ணிடம் அவளுடைய அடையாளத்தையும் கீறச் சொன்னேன். அவள் அப்பாவின் எழுத்துக்குக் கீழே கீறியிருக்கிறாள்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

நீ ஏழரை மணி வண்டியில் வந்தாய். இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து இந்தக் காகிதங்களைக் கொடுத்தேன். சமையலறை வாசலில் நின்றபடியே படித்தாய். ஒரு பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தாய். எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. மடித்து மிக்ஸியின் மேல் வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் ஞாபகமே இல்லம்மா" என்றாய். பிறகு, இதழில் போடுவதானால் போடு, தாத்தா பேரை மட்டும் எடுத்துவிடு என்றாய். எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எல்லோர் பெயரையும் எடுப்பதே சரி என்று தோன்றியது. சாராள் அக்கா மட்டும் தன் பெயர் இருக்கட்டும் என்றார்கள்.

சாயங்காலம் பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றேன். எழுதி வைத்த எதுவும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு இவன் எழுதவில்லை, நான்தான் பொய் சொல்ல வைத்தேன் என்று இரண்டு வாக்கியம் சொன்னேன். சாராள் அக்காவுக்கு இப்போது காது கேட்பதில்லை. இன்னா சொல்றா என்று பக்கத்தில் கேட்டார்கள். உன் அப்பா குனிந்து அவர்கள் காதில், வீடு முழுக்கக் கேட்கும்படி, "பையன் எழுதலயாம்" என்றார். "அதான் அன்னிக்கே சொன்னானே" என்றார்கள் சாராள் அக்கா. யாரோ சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார்.

காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஆலயத்துக்குப் போகிற கார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அப்பாவுடன் பேசியபடி நீ மேசைப் பக்கம் வந்தாய். பேச்சை நிறுத்தாமல் கடிகாரத்தை எடுத்தாய். கண் அப்பா முகத்தில் இருந்தது. கட்டைவிரல் நகம் நேராக அந்த உதட்டுக்குப் போயிற்று. தடவவில்லை, தேடவில்லை. மூடி திறந்தது. பிறகுதான் நீ குனிந்து உள்ளே பார்த்தாய். நெடுநேரம் பார்த்தாய்.

"யார் செஞ்சதுன்னு தெரியவே இல்லியாம்மா?"

இல்லை என்றேன். பரவாயில்லை என்று அதை மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எட்டு மணிக்குக் கார் வந்தால் போதும் என்று அப்பாவிடம் சொன்னாய். காலையில் ஞாபகமே இல்லை என்று சொன்னாயே, அதைப் பற்றி நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.